கேம் கசெட்டுக்குச் சிப் எழுத எந்தப் புரோகிராமர் வாங்கலாம்?

கல்முனையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, சின்ன வயதில் வாங்கிய, 60 கால் கசெட் போடுகிற ரீவி கேம் பெட்டி ஒன்றும் செகாவின் மெகா டிரைவ் பெட்டி ஒன்றும் என்னிடம் இருக்கின்றன. விழுகிற தமிழ் எழுத்துகளைப் பிடிக்கிற சின்ன விளையாட்டு ஒன்றை நானே எழுதியிருக்கிறேன். கணினியில் நன்றாக ஓடுகிறது. அதைக் கசெட்டாக்கி மகளிடம் கொடுக்க ஆசை. சிப்பில் எழுதுகிற கருவியாக சிஎச்341ஏ, டிஎல்866, டி48 என்று மூன்று புரோகிராமர் பார்த்தேன். விலையில் பெரிய வித்தியாசம். எதை வாங்க?"

தம்பி, டி48 வாங்குங்கள். அவசரமாக ஓர்டர் போட வேண்டுமென்றால் இந்த ஒரு வரி போதும். ஆனால் ஓர்டர் போடுவதற்கு முன்னால் மிச்சத்தையும் ஒருக்கா வாசியுங்கள். நான் மட்டக்களப்பில் பத்து வருடத்துக்கு மேலாக இந்த வேலையைப் பொழுதுபோக்காகச் செய்கிறேன். இதில் காசை வீணாக்கியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அநேகமாக எல்லோரும் ஒரே இடத்தில்தான் பிழை விடுகிறார்கள்: புரோகிராமரை முதலில் வாங்கிவிட்டு, பிறகு அதற்குள் எந்தச் சிப் போகும் என்று தேடுகிறார்கள். முறை மற்றப் பக்கத்திலிருந்து வர வேண்டும். எந்தப் பெட்டி, அதன் கசெட்டுக்குள் எந்த போர்ட் (சிப் பொருத்துகிற மின்சுற்றுப் பலகை), அந்த போர்ட்டில் எந்தச் சிப் உட்காரும், அந்தச் சிப்பை எந்தப் புரோகிராமர் எழுதும். இந்த வரிசையில் யோசித்தால் கேள்விக்குப் பதில் தானாக வந்துவிடும்.

முதலில் உங்கள் பழைய கசெட் ஒன்றைத் திறந்து பாருங்கள். எங்கள் பக்கம் வந்த மலிவான ரீவி கேம் கசெட்டுகளில் பெரும்பாலானவற்றின் உள்ளே பச்சை போர்ட்டின் நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு இருக்கும், தார்த் துளி விழுந்து காய்ந்த மாதிரி. சிப்பை வெறுமனே போர்ட்டில் ஒட்டி, அதன் மேல் எபொக்ஸி ஊற்றி மூடியிருக்கிறார்கள். அதைக் கழற்றவும் முடியாது, அந்த இடத்தில் வேறு சிப் வைக்கவும் முடியாது. அந்தக் கசெட்டிலிருந்து உங்களுக்குப் பயன்படுவது பிளாஸ்டிக் கூடு மட்டும்தான். உள்ளே கால்கள் வைத்த உண்மையான சிப்கள் தெரிந்தால் அது வேறு கதை, அந்த போர்ட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் 60 கால் வெறும் போர்ட் ஒன்றைத் தனியாக வாங்க வேண்டும். 39எஸ்எஃப்040 மாதிரி 32 கால் சிப்புக்கென்றே வடிவமைத்த போர்ட்டுகள் கிடைக்கின்றன.

ஏன் அந்தச் சிப்பைச் சொல்கிறேன் என்பதற்கு வருகிறேன்.

ரீவி கேம் பெட்டி என்று நாங்கள் சொல்வது 1983 இல் ஜப்பானில் வந்த ஃபமிகொமின் நகல். அதன் கசெட்டில் இரண்டு நினைவகங்கள் உண்டு. ஒன்றில் நிரல் இருக்கும், மற்றதில் படங்கள். மிக எளிமையான போர்ட் வகையில் நிரலுக்கு 32 கிலோபைற், படத்துக்கு 8 கிலோபைற். இரண்டுமே 5 வோல்ற்றில் வேலை செய்யும் பரலல் சிப்கள், அதாவது முகவரிக்கு ஒரு கூட்டம் கால், தரவுக்கு எட்டுக் கால் என்று எல்லாம் வெளியே இருக்கும். இந்தப் "பரலல்" என்ற சொல்லை மனதில் வையுங்கள். சிஎச்341ஏ கழிந்துபோவது இந்த இடத்தில்தான். அது எழுதுவது 24, 25 என்று தொடங்கும் எட்டுக் கால் சீரியல் சிப்களை, அதாவது தரவை வரிசையாகக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புகிறவற்றை. ரீவி பழுது பார்க்கவும் லப்டொப்பைத் தொடக்குகிற பயொஸ் சிப்பைத் திரும்ப எழுதவும் அது நல்ல சாமான், என் மேசையிலும் ஒன்று இருக்கிறது. ஆனால் கேம் கசெட்டுக்கு அதால் ஒரு பிரயோசனமும் இல்லை. பரவலாக விற்கிற கறுப்பு நிற சிஎச்341ஏயில் இன்னொரு கோளாறும் இருக்கிறது. சிப்புக்கு 3.3 வோல்ற் கொடுத்தாலும் தரவுக் கம்பிகளில் 5 வோல்ற் வரும். ஆகவே மலிவு என்று அதை வாங்கி, பிறகு ஏதாவது செய்து சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

இனிச் சிப். பழைய முறைப்படி கசெட் செய்பவர்கள் 27சி வகை ஈபுரொமில் எழுதுவார்கள். நடுவில் கண்ணாடி யன்னல் வைத்த சிப், பார்க்க மிக அழகாக இருக்கும். 27சி256 என்றால் 32 கிலோபைற், 27சி64 என்றால் 8 கிலோபைற், உங்கள் விளையாட்டுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. சிக்கல் என்னவென்றால், பிழையாக எழுதிவிட்டால் அழிக்க 253.7 நானோமீற்றர் புறஊதா விளக்கு வேண்டும், ஒவ்வொரு முறையும் 15 தொடக்கம் 20 நிமிடம் வைக்க வேண்டும். நேரடி வெயிலில் ஒரு கிழமை அளவில் அழியலாம் என்று சிப் தரவுத்தாள்கள் எச்சரிக்கின்றன. எங்கள் ஊர் வெயிலை நம்பி நான் கூரையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு சிப் வெறுமையானது, பக்கத்தில் இருந்தது பாதியில் நின்றது. நம்பி வேலை செய்கிற முறை இல்லை அது. தண்ணீர் சுத்திகரிப்பானில் வருகிற கிருமிகொல்லி விளக்கும் இதே அலைநீளம்தான், சிலர் அதைப் பெட்டிக்குள் பூட்டி அழிப்பான் செய்கிறார்கள். செய்தால் பெட்டி முழுதாக மூடியிருக்க வேண்டும். அந்த ஒளியைக் கண்ணால் பார்க்கவே கூடாது, வீட்டில் பிள்ளை இருக்கிற இடத்தில் இன்னும் கவனம். யன்னல் இல்லாத பிளாஸ்டிக் 27சி சிப்களும் சந்தையில் உண்டு. அவை ஒரு தடவை மட்டும் எழுதக்கூடியவை, அழிக்க வழியே இல்லை.

அதனால்தான் 39எஸ்எஃப் வகையைச் சொல்கிறேன். 39எஸ்எஃப்010, 020, 040 மூன்றும் 32 கால், 5 வோல்ற், மின்சாரத்தாலேயே அழியும். 040 இல் 512 கிலோபைற் கொள்ளும். ஒரு இலட்சம் தடவை வரை எழுதி அழிக்கலாம் என்று தரவுத்தாள் சொல்கிறது. சொந்தமாக விளையாட்டு எழுதுகிறவருக்கு இதுதான் முக்கியம், தம்பி. கணினியில் நன்றாக ஓடுவது உண்மையான பெட்டியில் முதல் தடவையே ஓடாது. ஒரு மாலைக்குள் பத்துத் தடவை திருத்தி எழுத வேண்டி வரும். ஒவ்வொரு தடவையும் 20 நிமிடம் விளக்கின் கீழ் வைத்துக் காத்திருந்தால் ஆசையே போய்விடும். 39எஸ்எஃப் என்றால் அழித்து, எழுதி, சரிபார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஒரு எச்சரிக்கை. 27சி040உம் 39எஸ்எஃப்040உம் 32 கால்தான், பக்கத்தில் வைத்தால் ஒன்று போல இருக்கும். ஆனால் கால் அமைப்பு ஒன்றில்லை. 27சி040 இல் 1 ஆம் கால் எழுதும் மின்னழுத்தத்துக்கு, 31 ஆம் கால் ஏ18 முகவரிக்கு. 39எஸ்எஃப்040 இல் ஏ18 போய் 1 ஆம் காலில் இருக்கிறது, 31 ஆம் கால் எழுதும் கட்டளைக்கு. ஒன்றுக்காகச் செய்த போர்ட்டில் மற்றதை அப்படியே வைத்தால் ஓடாது. வெறும் போர்ட் வாங்கும்போது அது எந்த வகைக்கு என்று பார்த்து வாங்குங்கள்.

இப்போது டிஎல்866க்கும் டி48க்கும் வருவோம். இரண்டும் எக்ஸ்ஜெகு என்ற நிறுவனத்தின் சாமான்கள். டிஎல்866-இரண்டு பிளஸ் 40 துளைச் சொக்கெட்டோடு வந்தது, அதன் இடத்தைத்தான் டி48 பிடித்தது. உங்களுடைய 60 கால் பெட்டிக்கு மட்டும் என்றால் பழைய டிஎல்866-இரண்டு பிளஸ் தாராளமாகப் போதும். 39எஸ்எஃப், 27சி256, 27சி64 எல்லாவற்றையும் அது எழுதும். நண்பர் யாராவது நல்ல விலைக்குக் கொடுத்தால் யோசிக்காமல் வாங்கலாம். லினக்ஸில் மினிப்ரோ என்ற திறந்த மூல மென்பொருள் அதோடு நன்றாக வேலை செய்யும், விண்டோஸில் நிறுவனத்தின் எக்ஸ்ஜிப்ரோ.

வித்தியாசம் இரண்டு இடத்தில் தெரியும். ஒன்று மின்னழுத்தம். டிஎல்866-இரண்டு பிளஸ் எழுதும் மின்னழுத்தமாக 18 வோல்ற் வரைதான் கொடுக்கும், டி48 25 வரை போகும். 27சி வகைக்கு 12.5 வோல்ற் அளவே போதும், ஆகவே கசெட் வேலைக்கு இது பெரிய விசயமில்லை. ஆனால் பெயரில் "சி" இல்லாத பழைய 2764 போன்ற சிப்களில் 21 வோல்ற் கேட்பவை இருக்கின்றன, 2732 ஐயா 25 கேட்பார். பழைய சாமான்களைக் கிண்டுகிற பழக்கம் இருந்தால் டி48 கைகொடுக்கும்.

இரண்டாவது வித்தியாசம் உங்கள் மெகா டிரைவுக்காக. அது 16 பிற் தரவு கேட்கிற பெட்டி. அதன் கசெட்டுக்குப் பொதுவாகப் பயன்படுத்துவது 42 கால் சிப். 27சி160 என்றால் 2 மெகாபைற், 27சி322 என்றால் 4 மெகாபைற். 40 துளையில் 42 கால் உட்காராது. டிஎல்866க்கென்று சிலர் செய்த அடாப்டர்கள் உண்டு, அவற்றில் சின்னச் சுவிட்சை மாற்றி மாற்றிச் சிப்பைத் துண்டு துண்டாக எழுத வேண்டும். நான் அப்படி எழுதியிருக்கிறேன். நான்கு துண்டில் மூன்றாவதில் சுவிட்சை மாற்ற மறந்தால் மீண்டும் முதலிலிருந்து, அதுவும் புறஊதா விளக்கிலிருந்து. டி48இன் சொக்கெட் 48 துளை. 42 கால் சிப்களுக்கு அதற்கென்று வருகிற அடாப்டர் பலகையை வாங்கிப் போட்டால் ஒரே மூச்சில் எழுதலாம். டி48ஐ முதல் வரியிலேயே சொன்னதற்குக் காரணம் இதுதான்: உங்களிடம் இரண்டு பெட்டியும் இருக்கின்றன.

ஆனால் சொந்த விளையாட்டு 1 மெகாபைற்றுக்குள் அடங்கினால் மெகா டிரைவுக்கும் 42 கால் வேண்டியதில்லை. இரண்டு 39எஸ்எஃப்040 வைக்கிற போர்ட் இருந்தால், கோப்பின் இரட்டை பைற்றுகளை ஒரு சிப்பிலும் ஒற்றை பைற்றுகளை மற்றதிலும் எழுதி அருகருகே வைக்கலாம். பக்கத்துக்கு 512 கிலோபைற், இரண்டும் சேர்ந்தால் 1 மெகாபைற். தொடக்கத்துக்கு எனக்கு மிகவும் பிடித்த வழி இது.

42 கால் சிப் எழுதும்போது எல்லோரும் ஒரு தடவை விழுகிற குழி ஒன்று இருக்கிறது. மெகா டிரைவ் கோப்பில் பதினாறடிமான எண்ணில் 100 என்ற முகவரியில் (சாதாரண எண்ணில் 256), "செகா" என்ற பெயர் ஆங்கிலத்தில் இருக்கும்: எஸ், இ, ஜி, ஏ. புரோகிராமர் மென்பொருளில் கோப்பை ஏற்றியதும் அந்த இடத்தைப் பாருங்கள். 16 பிற் சிப்களை மென்பொருள் கையாளும் விதத்தால் சில நேரம் பைற்றுகளை இரண்டிரண்டாக இடம் மாற்றி எழுத வேண்டும். எனக்கு முதல் சிப் எழுதியபோது இது தெரியாது. எழுதி முடிந்தது, சரிபார்ப்பும் சரி என்றது, கசெட்டைப் போட்டால் திரை கறுப்பு. சோல்டரில்தான் பிழை என்று 42 காலையும் மூன்று தடவை திரும்பச் சூடாக்கினேன். கடைசியில், நன்றாக ஓடுகிற கசெட் ஒன்றிலிருந்து கழற்றிய சிப்பைப் புரோகிராமரில் வாசித்துப் பக்கத்தில் வைத்தபோதுதான் கண்ணில் பட்டது. அதில் இ, எஸ், ஏ, ஜி என்று மாறி வந்தது, நான் எழுதியதில் எஸ், இ, ஜி, ஏ. மாற்றி எழுதியதும் முதல் சொடுக்கிலேயே திரை வந்தது. ஓடுகிற சிப் எப்படி வாசிக்கப்படுகிறதோ, உங்கள் சிப்பும் அப்படியே வாசிக்கப்பட வேண்டும். அதுதான் அளவுகோல்.

60 கால் பெட்டிக்கான கோப்பிலும் இப்படி ஒன்று உண்டு. நீங்கள் கணினியில் ஓட்டுகிற கோப்பின் முன்னால் 16 பைற் தலைப்பு இருக்கும். அது எமுலேற்றருக்கு, அதாவது கணினியில் பெட்டி மாதிரி நடிக்கிற மென்பொருளுக்குச் சொல்கிற குறிப்பு, சிப்பில் அதற்கு இடமில்லை. 32ம் 8மாக 40 கிலோபைற் விளையாட்டு என்றால் கோப்பு 40,976 பைற் இருக்கும். முதல் 16 ஐ வெட்டிவிட்டு, அடுத்த 32,768 ஐ நிரல் சிப்புக்கும் கடைசி 8,192 ஐப் படச் சிப்புக்கும் பிரியுங்கள். சிப் பெரிதாக இருந்தால், உதாரணமாக 128 கிலோபைற் உள்ள 39எஸ்எஃப்010 என்றால், நிரலை நான்கு தடவையும் படத்தைப் பதினாறு தடவையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி நிரப்புங்கள். மேல் முகவரிக் கால் எந்த நிலையில் இருந்தாலும் பெட்டிக்கு அதே தரவுதான் தெரியும்.

தமிழ் எழுத்து விளையாட்டு என்பதால் இதையும் சொல்ல வேண்டும். திரைப் படத்தைக் கட்டுகிற சின்னச் சதுரத் துண்டுகளை ஓடுகள் என்போம். 8 கிலோபைற் படச் சிப்பில் 8க்கு 8 புள்ளி ஓடுகள் 512 அடங்கும், பின்னணிக்கு ஒரு நேரத்தில் 256. 8க்கு 8 புள்ளிக்குள் "ணை"யையும் "ஞூ"வையும் எழுதிப் பார்த்திருப்பீர்கள், வாசிக்க முடியாது. ஒரு எழுத்துக்கு நான்கு ஓடு எடுத்தால் 256 இல் 64 எழுத்து மட்டுமே. 247ம் வேண்டுமென்றால் கொம்பு, அரவு, விசிறிகளைத் துண்டு துண்டாக வைத்து ஒட்ட வேண்டும், அல்லது படத்தைப் பக்கம் பக்கமாக மாற்றுகிற போர்ட் வாங்க வேண்டும். அப்போது 39எஸ்எஃப்040இன் 512 கிலோபைற் வீணாகப் போகாது. இந்த முடிவை போர்ட் வாங்குவதற்கு முன் எடுங்கள்.

3.3 வோல்ற் சிப்களைப் பற்றி நான் பிடிவாதக்காரன். 29எல், 29டபிள்யூ என்று தொடங்கும் பெரிய பிளாஷ் சிப்கள் மலிவாகக் கிடைக்கும், பல மெகாபைற் கொள்ளும். மலிவு நகல் கசெட்டுகளில் அவற்றை 5 வோல்ற் பெட்டிக்கு நேரடியாகக் கொடுத்து விற்கிறார்கள். ஓடும். ஆனால் சிப்பும் தேயும், பெட்டியின் தரவுக் கம்பிகளும் தேவையில்லாத சுமை இழுக்கும். நடுவில் மின்னழுத்தம் மாற்றுகிற சிப்கள் வைத்த போர்ட் என்றால் மட்டும் வாங்குங்கள். உங்கள் மெகா டிரைவுக்கு ஏதாவது நடந்தால் இன்னொன்று தேட கொழும்பு வரை போக வேண்டும்.

சிப் எங்கே வாங்குவது? ஊரில் பழைய கணினி மதர்போர்ட் குவியல் இருக்கிற பழுதுபார்க்கும் கடைகளில் கேளுங்கள். பென்ரியம் காலத்து போர்ட்டுகளின் பயொஸ் சொக்கெட்டில் 32 கால் சிப்கள் இருக்கும், கழற்றி எடுத்தால் இலவசம் மாதிரி. சதுரமான பிஎல்சிசி வடிவ 39எஸ்எஃப்020உம் கிடைக்கும், அதற்குச் சின்ன அடாப்டர் வேண்டும். ஆனால் 49எல்எஃப் என்று எழுதியிருந்தால் விட்டுவிடுங்கள். அதே சதுரம், அதே 32 கால், உள்ளே வேறு சாதி, கசெட்டுக்கு வேண்டிய பரலல் முறையில் பேசாது.

இணையத்தில் வாங்கினால் வந்த அன்றே சோதியுங்கள். நான் ஒரு இணையக் கடையிலிருந்து பத்து 39எஸ்எஃப்040 எடுத்தேன். எழுத்து புத்தம் புதிதாக மின்னியது. பஞ்சில் அசிற்றோன் தொட்டுத் துடைத்தேன், பஞ்சு கறுப்பானது, அடியில் வேறு எழுத்து தெரிந்தது. புரோகிராமரில் சிப்பின் அடையாள எண்ணை வாசிக்கும் பொத்தான் இருக்கிறது. 39எஸ்எஃப்040 என்றால் பிஎஃப், பி7 என்று வர வேண்டும். 020க்கு பி6, 010க்கு பி5. எனக்கு ஆறு சிப்பில் பி6 வந்தது, பாதி அளவுச் சிப்புக்குப் பெரிய பெயர் எழுதியிருக்கிறார்கள். அடையாள எண் பொருந்தவில்லை என்று மென்பொருள் நிறுத்தினால், அந்தச் சோதனையை அணைத்துவிட்டு எழுதச் சொல்லி யாராவது சொல்வார்கள். முதலில் கால்களை அழிறப்பரால் துடைத்து மறுபடி வாசியுங்கள். வாவிக் காற்றும் கடல் காற்றும் படுகிற எங்கள் வீடுகளில் பழைய சிப்பின் கால் கறுத்துத்தான் இருக்கும், அநேகமாகத் தொடர்புதான் பிரச்சினை. துடைத்த பிறகும் எண் வேறென்றால் சிப் வேறு.

பதினைந்து, இருபது அடாப்டரோடு பெரிய பெட்டியாக விற்கிறதை வாங்க வேண்டாம். உங்களுக்கு வேண்டியது டி48, 42 கால் பலகை, பிஎல்சிசி அடாப்டர், அவ்வளவுதான். மிச்சக் காசுக்குச் சிப் வாங்கலாம். யுஎஸ்பி ஹப்பில் மாட்டாமல் லப்டொப்பில் நேரடியாக மாட்டுங்கள். எழுதும் நடுவில் மின்னழுத்தம் சரிந்தால் சரிபார்ப்பில் பிழை வரும், சிப்பைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். லப்டொப் என்றால் கரண்ட் போனாலும் வேலை நிற்காது.

டி48 கசெட்டை வாசிக்காது என்பதும் நினைவிருக்கட்டும். அது தனிச் சிப்புக்கு மட்டும். அந்தக் கறுப்புப் பொட்டுக் கசெட்டுகளில் உள்ள விளையாட்டையோ, பற்றரியில் சேமித்த ஆட்டத்தையோ கணினிக்கு எடுக்க ஆசை இருந்தால் கசெட் வாசிப்பான் வேண்டும், சன்னி என்பவரின் திறந்த மூல வாசிப்பான் மாதிரி. கேம் போய் வைத்திருப்பவர்களுக்கு ஜிபிஎக்ஸ்கார்ட் என்ற வாசிப்பான் இருக்கிறது. வெறுமனே விளையாடத்தான் ஆசை என்றால் எஸ்டி அட்டை போடுகிற எவர்டிரைவ் என்ற கசெட் போதும், சோல்டரே தேவையில்லை. உங்களுக்கு அது வேண்டாம். மகள் கையில் கொடுக்கப்போவது அப்பா எழுதிய கசெட், அதற்குள் ஒரே ஒரு விளையாட்டு இருப்பதுதான் அழகு.

முதல் போர்ட்டில் சிப்பை நேரடியாகச் சோல்டர் பண்ண வேண்டாம். 32 கால் சொக்கெட் இரண்டு வைத்து அதில் சிப்பைக் குத்துங்கள். சொக்கெட்டின் உயரத்தால் கூடு மூடாது, மூடாமலே பெட்டியில் செருகி ஓட்டுங்கள். செருகும்போது போர்ட்டின் முன்பக்கம் எது என்று பேனையால் பெரிதாகக் குறித்துவிடுங்கள், கூடு இல்லாத கசெட் திருப்பியும் உள்ளே போகும். எழுத்துகள் எல்லாம் சரியாக விழுந்து, மகளும் விளையாடிப் பார்த்து, இனித் திருத்த ஒன்றுமில்லை என்றான பிறகு இரண்டாவது போர்ட்டில் சிப்பைச் சோல்டர் பண்ணிக் கூட்டை மூடுங்கள்.